ஸ்பானிஷ் பி2 தாண்டி நகர முடியாதவங்க: சீரியலும் பாட்காஸ்ட்டும் பார்த்தாச்சு, அடுத்து என்ன?

கோவை_வாணி

எல்லாருக்கும் வணக்கம். தேலேங்கிற ஸ்பானிஷ் திறன் தேர்வுல பி2, அதாவது மேல்-நடுத்தர நிலை, பாஸ் பண்ணிக் கொஞ்ச காலம் ஆச்சு. வேலையும் ஸ்பானிஷ்லதான், மெக்சிகோ வாடிக்கையாளர்களுக்கு மெயில்ல பதில் எழுதுற வேலை. படிச்சா புரியுது. சப்டைட்டில் போட்டுப் பார்த்தா சீரியல் புரியுது. ஃபோன் கால்ல ஒருத்தர் என்கிட்ட நேரா பேசினாலும் சமாளிச்சுடுவேன். ஆனா அதே கால்ல ரெண்டு மெக்சிகோக்காரங்க அவங்களுக்குள்ள பேச ஆரம்பிச்சா பிடி நழுவிடுது. எழுதுறதுலயும் இலக்கணம் சரியாத்தான் இருக்கு, ஆனா எல்லா மெயிலும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்குன்னு எனக்கே தெரியுது.

இங்க கோவையில பி2-க்கு மேல சொல்லிக் குடுக்க ஆள் கிடைக்கல. இன்னும் நிறைய பார்க்கணுமா, நிறைய கேட்கணுமா, இல்ல ஆளுங்களோட பழகணுமா? பழகணும்னா இங்க இருந்துக்கிட்டு எங்க போய்ப் பழகுறது? அடுத்த நிலையான சி1 தொட்டவங்க சொல்லுங்க.

காய்நகர்த்தி

வாணி சகோ, பி2 முடிச்ச ஏறக்குறைய எல்லாரும் கேட்கிற கேள்வி இது. என் பதிலை முதல்லயே சொல்லிடறேன்: ஸ்பானிஷ் கத்துக்கிறவங்க கூடுற இடத்தை விட்டு வெளிய வாங்க. உங்களுக்கு வேற எதுல பைத்தியமோ, அந்தப் பைத்தியம் பிடிச்ச ஸ்பானிஷ்காரங்க கூடுற இடத்துக்குப் போங்க.

டேண்டம், ஹலோடாக் மாதிரி செயலிகள் பி1 வரைக்கும் நல்லா உதவும். அதுக்கு மேல அங்க நடக்குறது பெரும்பாலும் அறிமுகப் பேச்சுதான். எந்த ஊரு, என்ன வேலை, ஏன் ஸ்பானிஷ், இந்தியாவுல சாப்பாடு காரமா இருக்குமா. அடுத்த வாரம் புது ஆள், மறுபடி அதே பேச்சு. அதுல சி1-க்கான மொழி வர வழியே இல்ல.

எனக்கு செஸ். சென்னைக்காரனுக்கு செஸ் புதுசில்ல. நம்ம ஆனந்த் பல வருஷம் மத்ரித் பக்கத்துல கோயாதோ மெதியானோங்கிற சின்ன ஊர்ல குடியிருந்தவர், ஸ்பானிஷ்ல சரளமா பேட்டி குடுப்பார். அந்தலூசியாவுல லினாரேஸ்னு ஒரு ஊரு இருக்கு. ஒரு காலத்துல உலகத்தின் முன்னணி ஆட்டக்காரங்க எல்லாரும் வருஷா வருஷம் அங்க வந்து ஆடினாங்க. ஆனந்த் 1998, 2007, 2008-ல அங்க ஜெயிச்சார். நான் முதல்ல தேடிப் பிடிச்சது அவரோட ஸ்பானிஷ் பேட்டிகளைத்தான். தாய்மொழியா இல்லாம, வளர்ந்த பிறகு கத்துக்கிட்ட ஒரு தமிழர் எவ்வளவு தூரம் போகலாம்னு காதாலயே தெரிஞ்சுது.

அப்புறம் எல் பாயிஸ் பத்திரிகையோட செஸ் எழுத்தாளர் லெயோன்ச்சோ கார்சியாவோட வீடியோக்கள். ஒரு பழைய ஆட்டத்தை எடுத்துக்கிட்டு, நிறுத்தி நிதானமா, கதை சொல்ற மாதிரி விளக்குவார். பலகையில என்ன நடக்குதுன்னு நமக்கு முன்னாடியே தெரியும். அதனால தெரியாத சொல் வந்தாலும் அர்த்தம் கையில இருக்கும். அதுக்கு அடுத்து லிசெஸ்ங்கிற இணைய செஸ் தளத்துல இருக்கிற ஸ்பானிஷ் குழுக்கள். இலவசம்தான். ஆட்டம் முடிஞ்சதும் சாட்ல அலசுவாங்க. முக்கியமான இடம் அந்த அலசல்தான்.

நம்மாளுங்க வருஷக்கணக்குல மல்லுக்கட்டுற இறந்தகால சப்ஜங்க்டிவ் (நடக்காததை, உறுதியில்லாததைச் சொல்ற வினை வடிவம்) இருக்கே, அது ஆட்டத்துக்கு அப்புறமான பேச்சுல நிமிஷத்துக்கு ஒரு தடவை வரும். "சி உபியேரா என்றொகாதோ...", அதாவது அப்பவே கோட்டை கட்டியிருந்தா (காஸ்லிங் பண்ணியிருந்தா). அப்படிச் செஞ்சிருந்தா இப்படி ஆகியிருக்கும், அவன் அதை வெட்டியிருந்தா நான் இதை வெட்டியிருப்பேன். தோத்தவன் பேசுறது பூரா இந்த அமைப்புதான். இன்னொண்ணும் கவனிச்சேன். வேகமா பேசும்போது அவங்களே அந்த நீட்டு வடிவத்தை விட்டுட்டு நிகழ்காலத்துலயே சொல்லிடறாங்க: "சி கோமோ, மே கோமே". நான் வெட்டினா அவன் என்னை வெட்டுவான். நடந்து முடிஞ்ச ஆட்டத்தைப் பத்தித்தான் பேச்சு, ஆனா வினை நிகழ்காலம். கால்பந்து வர்ணனையிலயும் இதே கதைதான், ஒரு வினாடி முன்னாடி வந்திருந்தா கோல்ங்கிறதை நிகழ்காலத்துலயே சொல்லுவாங்க. நான் பார்த்த எந்தப் பாடப்புத்தகத்துலயும் இதை எடுத்துச் சொல்லல.

நேரம் தீர்ந்து தோத்துட்டா "சே லே கயோ லா பந்தேரா"ம்பாங்க. பழைய கடிகாரத்துல சின்னக் கொடி விழும் இல்லையா, அது அவனுக்கு விழுந்துடுச்சு. இந்த "சே லே", "சே மே" அமைப்பு தமிழனுக்கு வரமாட்டேன்னு சொல்லவே கூடாது. "எனக்கு மறந்துபோச்சு"ன்னு நாள் பூரா சொல்றவங்க நாம.

செஸ் என் விஷயம். உங்களுக்கு சமையலோ, தையலோ, பறவை பார்க்கிறதோ இருக்கலாம். அங்க உங்க ஸ்பானிஷை யாரும் பாராட்ட மாட்டாங்க, திருத்தவும் மாட்டாங்க. நீங்க சொன்னது சரியா தப்பான்னு சண்டை போடுவாங்க. அந்தச் சண்டையில ஜெயிக்கணும்னு ஆசை வரும்போதுதான் மொழி வளருது.

கேட்டலே_கல்வி

காய்நகர்த்தி சொல்ற உற்சாகம் நல்லாத்தான் இருக்கு, ஆனா வரிசை மாறிப்போச்சுன்னு நினைக்கிறேன். வாணிக்கு இப்ப இருக்கிற குறை பேச்சுல இல்ல, காதுல. ரெண்டு பேர் தங்களுக்குள்ள பேசினா புரியலன்னு அவங்களே எழுதியிருக்காங்க. புரியாத கூட்டத்துக்கு நடுவுல போய் உக்காந்து என்ன பண்றது?

நான் ட்ரீமிங் ஸ்பானிஷ் வழியில வந்தவன். பாப்லோ ரொமான் ஆரம்பிச்ச தளம் அது. அவங்க படிக்கட்டுல உச்சிப்படி 1,500 மணி நேரம் கேட்கிறது. மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷென் 1980கள்ல சொன்ன கருத்துதான் அடிப்படை: புரியுற அளவுல இருக்கிறதை மலையளவு கேளு, பேச்சு தானா வரும். அவசரப்பட்டுப் பேசினா தமிழ் அமைப்பும் ஆங்கில அமைப்பும் நாக்குல உறைஞ்சு போயிடும், அப்புறம் கழுவ முடியாது.

பி2-ல இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது ராதியோ அம்புலாந்தே. லத்தீன் அமெரிக்கா பூராவுக்குமான கதை பாட்காஸ்ட், தானியேல் அலார்கோனும் அவர் குழுவும் பண்றது. ஒரு வாரம் பெரு, அடுத்த வாரம் கியூபா, அப்புறம் சிலி. ஒவ்வொரு எபிசோடுக்கும் முழு எழுத்துப் பிரதி அவங்க தளத்துலயே இருக்கு. முதல்ல எழுத்தைப் பார்க்காம முழுசா கேளுங்க. அப்புறம் பிரதியை வெச்சுக்கிட்டுக் கேளுங்க. எங்க காது ஏமாந்துச்சோ அந்த இடத்தை மட்டும் பென்சில்ல குறிச்சுக்குங்க. நமக்குத் தெரியாத சொல் அங்க கொஞ்சம்தான் இருக்கும். தெரிஞ்ச சொல்லே உருத்தெரியாம வந்திருக்கும். கரீபியன்ல "பெஸ்காதோ" வராது, "பெஹ்காவ்" வரும். "பாரா அதெலாந்தே" சுருங்கி "பாலாந்தே" ஆயிருக்கும். ஸ்பெயின்லயே "கன்சாதோ"வை "கன்சாவ்"ன்னுதான் சாதாரணமா சொல்றாங்க. அகராதியைப் புரட்டி இதுக்கு வழி கிடைக்காது. கேட்டுக் கேட்டுத்தான் பழகணும்.

தேர்வு_தோழி

> அவசரப்பட்டுப் பேசினா தமிழ் அமைப்பும் ஆங்கில அமைப்பும் நாக்குல உறைஞ்சு போயிடும்

இதுக்கு ஒரு மறுப்பு. கிராஷென் பேரைச் சொல்றவங்க மெரில் ஸ்வெயின்ங்கிற மொழி ஆய்வாளர் பேரையும் சேர்த்துச் சொல்லணும். கனடாவுல பள்ளிப்பாடம் முழுக்கவே பிரெஞ்சு மொழியில நடக்கிற வகுப்புகள் இருக்கு. பல வருஷம் அப்படிப் படிச்ச பிள்ளைங்களைப் பார்த்துட்டு ஸ்வெயின் 1985-ல எழுதினாங்க. பிள்ளைங்களுக்குக் கேட்டுப் புரிஞ்சுக்கிற திறமை அபாரம். ஆனா பேச்சுலயும் எழுத்துலயும் இலக்கணம் பின்தங்கியே இருந்துச்சு. வருஷக்கணக்கா கேட்டதும் அதைச் சரிபண்ணல. சொல்ல முயற்சி பண்ணி, சொல்ல வராம தடுக்கும்போதுதான் "எனக்கு இது தெரியலையே"ன்னு மனசு கவனிக்குதுன்னாங்க. வாணியோட மெயில் ஒரே அச்சா இருக்கிறதுக்கு இதுதான் காரணம்னு எனக்குப் படுது. படிச்சுப் புரியுற சொல்லுல பாதி கூட எழுதும்போது கைக்கு வரல.

தேர்வு பத்தியும் ஒரு வார்த்தை. தேலே சி1 பி2-வோட பெரிய அண்ணன் இல்ல, ஆளே வேற. பேச்சுலயும் எழுத்துலயும் கலப்புப் பயிற்சி வரும். ஒரு உரையைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதை வெச்சு வாதம் பண்ணி எழுதணும். ஒரு நீளமான கட்டுரையைப் படிச்சு, அதை வாயால சுருக்கிச் சொல்லி, அப்புறம் தேர்வாளரோட விவாதம் பண்ணணும். நாலு தாளும் ரெண்டு தொகுதி, தொகுதிக்கு 50 மதிப்பெண். ஒவ்வொண்ணுலயும் 30 எடுக்கணும். ஒண்ணுல 48 எடுத்து இன்னொண்ணுல 28 எடுத்தா ஃபெயில்தான்.

சியேலேங்கிற இன்னொரு ஸ்பானிஷ் தேர்வு வேற மாதிரி. ஸ்பானிஷைப் பரப்புற ஸ்பெயின் அரசு அமைப்பான செர்வாந்தேஸ் நிறுவனத்தோட மெக்சிகோவின் உனாம், சலமாங்கா, புவெனோஸ் அய்ரெஸ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துறது. கம்ப்யூட்டர்ல எழுதலாம், ஆனா சான்றிதழ் 5 வருஷம்தான் செல்லும். தேலேவுக்குக் காலாவதி கிடையாது.

எந்தத் தேர்வா இருந்தாலும், செர்வாந்தேஸின் "பிளான் குர்ரிகுலார்", அதாவது பாடத்திட்டம், இணையத்துல இலவசமா கிடக்குது. சி1-சி2 பகுதியைத் திறந்து, அந்தப் பட்டியல்ல எது நம்ம வாயில வராதுன்னு பாருங்க. கோச்சிங்குக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைச் செய்யணும்.

லாவபியேஸ்_குமரன்

மத்ரித்ல இருந்து எழுதுறேன். அந்த நாட்டுல போய் வாழ்ந்தா மொழி தானா வந்துடும்னு ஊர்ல எல்லாரும் நினைக்கிறாங்க. வராது. ஆபீஸ்ல ஆங்கிலம். நான் இருக்கிற லாவபியேஸ் பகுதியில தெருவுக்குத் தெரு வங்காளதேசக் கடை, அரிசி பருப்பு வாங்க ஸ்பானிஷே தேவையில்ல. குடியுரிமைக்கு அரசு கேட்கிறதும் ஏ2 மொழித்தேர்வும் சிசிஎஸ்இ-ன்னு ஒரு பொது அறிவுத் தேர்வும்தான். 25 கேள்வி, 15 சரியா இருந்தா போதும். அதோட நின்னுட்ட நம்ம ஆளுங்க நிறைய பேர் இங்க இருக்காங்க.

எனக்கு மொழி வந்தது அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவுல. சிரிக்காதீங்க, உண்மையாத்தான் சொல்றேன். இங்க கட்டடத்துல வீடு வாங்கினா "கொமுனிதாத் தே வெசினோஸ்"ங்கிற வீட்டுக்காரங்க சங்கத்துல நாம தானா உறுப்பினர் ஆயிடுவோம். 1960-ல இருந்தே இதுக்குத் தனிச் சட்டம் இருக்கு. வருஷக் கூட்டம், அதுக்கு நடவடிக்கைக் குறிப்பு, கணக்கு பார்க்க ஒரு நிர்வாகி, வீட்டுக்காரங்கள்ல ஒருத்தர் தலைவர். பல கட்டடங்கள்ல தலைவர் பதவி முறை வெச்சுச் சுத்தி வரும். நம்ம முறை வந்தா இஷ்டத்துக்கு வேண்டாம்னு சொல்லிட முடியாது, விலக்கு வேணும்னா நீதிபதிகிட்டதான் கேட்கணும்.

கூரை ஒழுகுதுன்னு "தெர்ராமா" போட்டாங்க. வழக்கமான மாதக் கட்டணத்துக்கு மேல எல்லார் தலையிலயும் விழுற தனி வசூல் அது. அன்னிக்கு ராத்திரி குழுவுல நடந்த பேச்சைப் பார்க்கணும். மூணாம் மாடி அம்மா ஒருத்தங்க எழுதினாங்க: "நோ எஸ் கே நோ கியேரா, எஸ் கே நோ புவேதோ." எனக்கு மனசு இல்லாம இல்ல, என்னால முடியல. முதல் பாதியில சப்ஜங்க்டிவ், ரெண்டாம் பாதியில சாதாரண வினை. வகுப்புல மரத்துப்போன காதோட கேட்ட விதி அது. ஓய்வூதியத்துல வாழுற ஒரு அம்மா, காசு இல்லன்னு சொல்ல வேண்டிய நிலையிலயும் மரியாதை கெடாம சொன்னப்ப அந்த அமைப்பு எதுக்கு இருக்குன்னு விளங்குச்சு. அடுத்து தவணை முறை கேட்கணும்னு ஒருத்தர், காப்பீடு தராதான்னு இன்னொருத்தர், குறிப்புல இப்படி எழுதல அப்படித்தான் எழுதியிருக்குன்னு மூணாவது ஆள். மறுக்கிறது, பாதி ஒத்துக்கிறது, கோபத்தை மறைச்சுப் பேசுறது எல்லாமே சி1 பாடம்தான்.

இதுல இன்னொண்ணு: சாட் மொழியைத் தனியா படிக்கணும். தலைகீழ்க் கேள்விக்குறி போட மாட்டாங்க, "கே" ஒத்தை எழுத்தாயிடும், "தம்பியேன்" ரெண்டு எழுத்தாயிடும். சிரிப்புக்கு "ஹஹஹ"வை ஹோட்டாங்கிற ஜே எழுத்துலதான் அடிப்பாங்க. ஒழுங்கா நிறுத்தற்குறி வெச்சு முழு வாக்கியமா எழுதினா கோபமா இருக்கீங்களான்னு கேட்பாங்க.

வாணி மேடம், வீடு வாங்கித்தான் ஆகணும்னு நான் சொல்லல. நம்ம பணமோ, நேரமோ, ஏதோ ஒண்ணு உண்மையிலேயே பணயமா இருக்கிற இடத்துல மொழி ஒட்டிக்குது. அது இணையத்துலயும் கிடைக்கும்.

பனங்காய்

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப டொரொண்டோவில. என்ர வேலையிடத்தில எல் சால்வடோர் ஆக்கள் கனபேர். அவையோட கதைச்சுக் கதைச்சுத்தான் ஸ்பானிஷ் பழகினனான், புத்தகம் பிறகுதான். இப்ப பிரச்சினை என்னெண்டா, அவை எல்லாரும் 'நீ' எண்டதுக்கு "வோஸ்" எண்டுதான் கதைக்கினம். "வோஸ் தெனேஸ்", "வோஸ் போதேஸ்". யூடியூப்பில பாக்கிற மெக்சிகோ, ஸ்பெயின் ஆக்கள் அதுக்கு "தூ". கொலம்பியாக்காரர் ஒருத்தர் இருக்கிறார், தன்ர மனிசியோடயே "உஸ்தேத்", அதாவது 'நீங்கள்' எண்டு கதைக்கிறார். எனக்கு இப்ப எல்லாம் கலந்துபோச்சு. ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணுமோ? குமரன் அண்ணை, காய்நகர்த்தி அண்ணை, என்ன சொல்லுறியள்?

காய்நகர்த்தி

பனங்காய், உங்க "வோஸ்"ஐ விட்டுடாதீங்க. வேலையிடத்துல தோளோட தோள் நின்னு கிடைச்ச மொழி அது. அர்ஜென்டினா, உருகுவே, மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதி எல்லாமே அதைத்தான் பேசுது. காதுக்கு எல்லாம் வரணும், வாய்க்கு ஒண்ணு போதும். உங்க வாய் சால்வடோர் வாயா இருக்கட்டும். பொகோத்தா பக்கம் வீட்டுக்குள்ளயே "உஸ்தேத்" சகஜம், அதுல விலகல் எதுவும் இல்ல. மனைவியை நீங்கன்னு கூப்பிடுற குடும்பம் நம்ம ஊர்லயும் உண்டுதானே. அந்தக் கொலம்பியாக்காரர் எந்த வடிவத்துல உங்களைக் கூப்பிடறாரோ அதுலயே பதில் சொல்லுங்க.

நாட்டு வழக்குச் சொல்லுக்கு 2010-ல மொழி அகாதெமிகள் சேர்ந்து போட்ட அமெரிக்க வழக்கு அகராதி இணையத்துல இருக்கு. சொல்லைப் போட்டா எந்தெந்த நாட்டுல எந்த அர்த்தம்னு நாட்டுக்குறியோட காட்டும்.

வாணி சகோவுக்கும் இது பொருந்தும். உங்க வேலை மெக்சிகோவோட. அப்ப ஒரு வருஷம் வேற நாட்டுப் பக்கமே போகாதீங்க. கேட்டலே_கல்வி கோவிச்சுக்கக் கூடாது, வாரத்துக்கு ஒரு நாடுன்னு சுத்துறது ருசிக்கு நல்லது, ஆனா காது படியாது. கேனல் ஓன்சேன்னு 1959-ல தொடங்கின மெக்சிகோ கல்வித் தொலைக்காட்சி இருக்கு. யூடியூப்ல அவங்க நிகழ்ச்சிகள் கிடைக்கும். மேசையைச் சுத்தி நாலு பேர் உக்காந்து விவாதிக்கிறதைத் தேடிப் பாருங்க, கால்ல நீங்க தடுமாறுற அதே நிலைமை. கோலெஹியோ தே மெஹிகோவோட மெக்சிகோ ஸ்பானிஷ் அகராதியும் இலவசம்.

நிலா_மொழிபெயர்ப்பு

மெக்சிகோ மெயில் வேலைன்னதும் ஓடி வந்தேன், நானும் அதே துறை. வாணி, "ஆஸ்தா"வை மட்டும் இன்னிக்கே பார்த்துடுங்க. மத்த இடங்கள்ல "ஆஸ்தா லாஸ் நுவேவே"ன்னா ஒன்பது மணி வரைக்கும். மெக்சிகோவுல "அப்ரே ஆஸ்தா லாஸ் நுவேவே"ன்னு எழுதினா ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்னு அர்த்தமா இருக்கலாம். அதுக்கு முன்னாடி பூட்டியிருக்கும். ஸ்பானிஷ் உலகத்தின் சந்தேக நிவர்த்தி அகராதியே, 2005-ல வந்தது, இதை மெக்சிகோ, மத்திய அமெரிக்கா வழக்குன்னு குறிச்சிருக்கு. டெலிவரி நேரம் குறிக்கிற மெயில்ல இது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குச் சொல்லவேண்டியதில்ல.

இதே மாதிரி சந்தேகம் வரும்போதெல்லாம் வேர்ட்ரெஃபரன்ஸ் மன்றத்துல பழைய கேள்விகளைத் தேடுங்க. 1999-ல இருந்து இருக்கிற தளம். ஒரு சொல்லுக்குக் கீழ மெக்சிகோக்காரர் ஒண்ணு சொல்லுவார், செவில்லாக்காரர் வேற சொல்லுவார், அர்ஜென்டினாக்காரர் ரெண்டையும் மறுப்பார். ஸ்பானிஷ் மட்டும் பேசுற தனிப் பிரிவும் உண்டு. கேள்வி கேட்டா முழு வாக்கியத்தையும் சூழலையும் குடுக்கணும், அதுல ரொம்பக் கண்டிப்பு. அந்தக் கண்டிப்பே நல்ல பயிற்சி. தினமும் எழுதிப் பழக ரெடிட்ல ரைட்ஸ்ட்ரீக்-ஈஎஸ்னு ஒரு இடம் இருக்கு. எழுதிப் போட்டா தாய்மொழிக்காரங்க திருத்துவாங்க.

அகராதி_ஆறுமுகம்

பிள்ளைகளே, எல்லாரும் நன்றாகச் சொல்கிறீர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஸ்பானிஷ் படித்தவன். எனக்கு வேலையும் இல்லை, தேர்வும் இல்லை. காய்நகர்த்தி சொன்ன "சண்டை போடும் இடம்" எனக்கு ஸ்பானிஷ் விக்கிப்பீடியா. 2001-இல் தொடங்கியது. தமிழ்நாட்டு வரலாறு, கோயில்கள், சங்க இலக்கியம் பற்றி அங்கே இருக்கிற கட்டுரைகள் பல மிகச் சிறியவை. எழுத வேண்டியது ஏராளமாகக் கிடக்கிறது. நமக்குத் தெரிந்த பொருள், அவர்களுக்குத் தேவையான பொருள். இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

எப்படி நடக்கும் என்று ஒரு மாதிரி காட்டுகிறேன். முதலில் உங்கள் பயனர் பக்கத்தின் கீழ் "தாயேர்" என்ற பட்டறைப் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் கட்டி முடிக்கப்பட்டது, 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது என்று இரண்டு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் மனம் என்ன செய்யும்? கட்டி, முடித்து, பிறகு அறிவிக்கப்பட்டு என்று வினையெச்சமாகக் கோக்கும். அதை அப்படியே ஹெருந்தியோ என்ற ஸ்பானிஷ் எச்ச வடிவத்தில் போட்டு "...சியெந்தோ தெக்லராதோ" (அறிவிக்கப்பட்டு) என்று முடிக்கக் கை துடிக்கும். ஸ்பானிஷில் அதற்குப் "பின்னிகழ்வு ஹெருந்தியோ" என்றே பெயர் வைத்து நடைநூல்கள் கண்டிக்கின்றன. முதல் செயலுக்குப் பிறகு நடந்ததை அந்த வடிவத்தால் சொல்லக் கூடாது. யாரோ ஒரு விக்கிப்பீடியா தொகுப்பாளர், பெயர் கூடத் தெரியாதவர், வந்து வாக்கியத்தை இரண்டாக வெட்டி, "இ" (மற்றும்) என்ற இணைப்பைப் போட்டுவிட்டுப் போவார். பழைய வடிவமும் புதிய வடிவமும் பக்கம் பக்கமாக அந்தக் கட்டுரையின் திருத்த வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும். எந்த ஆசிரியரும் எனக்கு இப்படி வேறுபாட்டை வண்ணம் தீட்டிக் காட்டியதில்லை.

நூற்றாண்டை ரோமன் எண்ணில் எழுதுவார்கள். மாதப் பெயரும் மொழிப் பெயரும் சிறிய எழுத்தில் தொடங்கும். மேற்கோளுக்குக் கோண அடையாளம். படங்கள் காமன்ஸ் என்ற விக்கிமீடியா படக் களஞ்சியத்தில் இருப்பவை மட்டும்தான். இதையெல்லாம் ஒருவரும் உட்கார வைத்துச் சொல்லித்தர மாட்டார்கள், செய்யச் செய்ய வரும். கட்டுரையின் "திஸ்குசியோன்" என்ற உரையாடல் பக்கத்தில் ஒரு சான்றைப் பற்றி வாதம் வந்தால் விடாதீர்கள். மரியாதையாக மறுப்பது, சான்று காட்டிக் கேட்பது, ஒரு பகுதி ஒப்புக்கொண்டு மற்றதை நிலைநாட்டுவது என்று தோழி அம்மா சொன்ன அந்தத் தேர்வுக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது.

அன்றாடச் செய்தி மொழிக்கு ஃபுந்தேயு-ஆர்ஏஇ தளம் பாருங்கள். அன்றைய செய்தியில் வரும் சொல்லை எடுத்து எப்படி எழுதுவது என்று தினமும் ஒரு பரிந்துரை தருவார்கள். 2013 முதல் ஆண்டுக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024-இல் "தானா", அந்த அக்டோபரில் வலென்சியாவை மூழ்கடித்த மழைக்கு வானிலையாளர்கள் சொன்ன பெயர்.

கேட்டலே_கல்வி

ஆறுமுகம் ஐயா சொன்னதுல ஹெருந்தியோ விஷயம் எனக்கு நல்லா உறைச்சுது. நான் ஆயிரக்கணக்கான வாக்கியம் கேட்டிருந்தும் அந்த வேறுபாட்டைக் கவனிச்சதில்ல. எழுதினாத்தான் தெரியும்னு தோழி சொன்னதை இந்த இடத்துல ஏத்துக்கறேன். ஆனா காதை விட்டுக்குடுக்க மாட்டேன், வாணி. தினம் ஒரு மணி நேரம் கேட்கிறது இல்லாம குழுவுல போய் உக்காந்தா கலைஞ்சு போயிடுவீங்க.

உச்சரிப்புக்கும் ஒண்ணு. "அது"ங்கிற சொல்லுல நடு எழுத்தை நாம எவ்வளவு மெத்துன்னு சொல்றோமோ, ஸ்பானிஷ் "நாதா"வோட (ஒண்ணுமில்ல) நடு எழுத்தும் அவ்வளவு மெத்துதான். ஆங்கிலம் படிச்ச வாய் அதை அழுத்தும். தமிழ் வாயோட விட்டா தானா சரியா வரும்.

கோவை_வாணி

அம்மாடி, இவ்வளவு வரும்னு எதிர்பார்க்கல. நிலா அக்கா சொன்ன "ஆஸ்தா"வை இன்னிக்கே எங்க டீம் முழுக்கச் சொல்லிட்டேன். ரெண்டு பழைய மெயிலை எடுத்துப் பார்த்தோம், அர்த்தமே மாறுது.

எனக்குப் பைத்தியம்னா எம்பிராய்டரி. மெக்சிகோவுல இதால்கோ மாநிலத்துத் தெனாங்கோ பூவேலைன்னா உயிர். பெரிய பெரிய பறவையும் மிருகமும் பளீர்னு ஒரே பரப்புல நிறைஞ்சிருக்கும். அதைப் போடுற பெண்கள் ஃபேஸ்புக் குழுக்கள்லயும் யூடியூப் நேரலையிலயும் நிறைய பேர் இருக்காங்க, இத்தனை நாள் படம் மட்டும் பார்த்துட்டு வந்திருக்கேன். நாளையிலேர்ந்து கேள்வி கேட்கப் போறேன். ஒரே கவலை நேரம்தான். அவங்க நேரலை வர்ற நேரம் எனக்கு எப்ப வரும்? வேலை, வீடு எல்லாம் பார்த்துட்டு ராத்திரி முழிக்க முடியாது.

காய்நகர்த்தி

ராத்திரி முழிக்கவே வேண்டாம் சகோ. மெக்சிகோ நகரம் நமக்கு பதினொன்றரை மணி நேரம் பின்னாடி. அங்க சாயங்காலம் ஏழரைன்னா நமக்கு மறுநாள் காலை ஏழு. 2022-ல அவங்க கோடைகால நேர மாற்றத்தை எடுத்துட்டாங்க, அதனால எல்லைப்பக்கம் சில ஊர்களைத் தவிர இந்தக் கணக்கு வருஷம் பூரா மாறாது. இதால்கோவும் அதே நேரம்தான். பொகோத்தாவுல ராத்திரி எட்டுன்னா நமக்குக் காலை ஆறரை. புவெனோஸ் அய்ரெஸ் ராத்திரி ஒன்பதுன்னா அஞ்சரை. காலையில எழுந்திரிக்கிற ஆளுங்களுக்கு லத்தீன் அமெரிக்கா பூரா திறந்து கிடக்குது. ஸ்பெயின்தான் கஷ்டம். அவங்க ராத்திரிப் பேச்சு ஆரம்பிக்கும்போது நமக்கு நடுராத்திரி தாண்டிடும்.

நிலா_மொழிபெயர்ப்பு

வாணி, குழுவுல சேர்ந்ததும் கொஞ்ச நாள் சும்மா படிங்க. யார் யாரை எப்படிக் கூப்பிடறாங்க, யார் மூத்தவங்க, எதுக்குக் கோபம் வருதுன்னு பாருங்க. "வேய்", "நோ மஞ்சேஸ்" மாதிரி கொச்சைப் பேச்செல்லாம் காதுக்கு மட்டும் வெச்சுக்குங்க. அவங்க உங்ககிட்ட சொல்ற வரைக்கும் நீங்க சொல்லவேண்டாம். பெரியவங்களை "உஸ்தேத்"லயே கூப்பிடுங்க. தெனாங்கோ வேலையில முதல் கேள்வியா விலையைக் கேட்காதீங்க. அந்த வடிவங்களைப் பெரிய கம்பெனிகள் எடுத்துக்கிறதைப் பத்தி அங்க நிறைய வருத்தம் இருக்கு, நீங்க யாருன்னு தெரியாம வடிவத்தைப் பத்திக் கேட்டா சந்தேகம்தான் வரும். நீங்க போட்ட வேலையை முதல்ல காட்டுங்க. எந்தத் தையல், எந்த நூல், பின்பக்கம் எப்படி முடிக்கிறீங்கன்னு எழுதுங்க. பின்பக்கம் சுத்தமா இருந்தா அவங்களே பேச ஆரம்பிச்சுடுவாங்க.

கோவை_வாணி

பின்பக்கம் சுத்தமாத்தான் இருக்கும் அக்கா, அம்மா கத்துக்குடுத்தது. நாளைக்குக் காலையில போட்டோவோட எழுதறேன். போடுறதுக்கு முன்னாடி பத்தியை இங்க ஒரு தடவை ஒட்டறேன், ஆறுமுகம் ஐயா ஹெருந்தியோ மட்டும் பார்த்துச் சொல்லணும்.

அகராதி_ஆறுமுகம்

பார்க்கிறேன் அம்மா. ஆனால் முழுவதும் திருத்தித் தரமாட்டேன். உங்கள் வாக்கியமாகவே போகட்டும். பூவேலையைப் பற்றி அந்தப் பெண்கள் கேட்கிற முதல் கேள்வியையும் உங்கள் பதிலையும் இங்கே போடுங்கள், அதைப் பற்றிப் பேசுவோம்.